சிட்டுவின் பலகையில் சின்னவளின் குரல்

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கைரேகை பதிக்கிற கருவி ஒன்று உண்டு. காலையில் வேலைக்கு வருகிற எல்லாரும் அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். ரேகை சரியாக விழுந்தால் பச்சை விளக்கு எரியும். விழாவிட்டால் சிவப்பு விளக்கோடு சேர்ந்து ஒரு கூச்சலும் வரும். கழிப்பறை கழுவுகிற அம்மாவுக்குப் பல வருஷமாக ப்ளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி ரேகையே தேய்ந்துவிட்டது. அவர் விரலை வைத்தால் மூன்று தடவையாவது கருவி கத்தாமல் விடாது. பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்.

சின்னவள் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவளுக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. அவள் தலையைக் குனியவில்லை. "பாத்தீங்களாம்மா, நம்ம ரெண்டு பேரையும் இதுக்குக் கண்டாலே ஆகல. போன ஜென்மத்துல என்ன பண்ணோமோ!" என்று அந்த அம்மாவின் தோளைத் தொட்டுச் சிரிப்பாள். அவரும் சிரித்துவிடுவார். தினமும் காலையில் அவர்கள் இரண்டு பேரும் கருவியைத் திட்டிக்கொண்டே உள்ளே போவது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்குத் திரும்புகிற சந்தில் பெரியவள் ஒன்றைப் பார்த்தாள். சின்னவள் சுவர் ஓரமாக நின்று, பையிலிருந்து முகத்துக்குப் பூசுகிற கிரீமை எடுத்து, கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் டப்பாவை மூடிவிட்டு நடந்தாள்.

பெரியவளுக்கு முதலில், 'இவளுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ' என்று இருந்தது. அடுத்த நொடியே, 'எனக்கு ஏன் தோணல?' என்று வந்தது. முதலில் வந்தது வாசல்படி தாண்டுவதற்குள் மறைந்துபோனது. இரண்டாவது மட்டும் சாயங்காலம்வரை அவளோடு சுற்றியது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் அவர்கள். மாடியில் பெரியவள் குடும்பம், கீழே மாமியாரோடு சின்னவள் குடும்பம். பெரியவளுக்கு நாற்பத்தொன்று, சின்னவளுக்கு முப்பத்துநான்கு. பெரியவள் பன்னிரண்டாவது முடித்தவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கும் ஒரு வருஷம் போயிருக்கிறாள். சின்னவள் பத்தாவதில் கணக்கில் தவறி, மறுபடி எழுதித் தேறியவள். பள்ளியில் சிறப்புக் குழந்தைகள் வகுப்புக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் விண்ணப்பம் போட்டது பெரியவள்தான். நான்கு நாள் கழித்துச் சின்னவளும் போட்டாள். கடவுள் செயலோ என்னவோ, இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பில் இடம் கிடைத்தது. ஆனால் ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தர வேலை ஒரே ஒருவருக்குத்தான். அதைத் தலைமை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த ஒரு இடம் பெரியவளுக்கு வேண்டும். இருபது வருஷமாக அவளை இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றுதான் தெருவில் கூப்பிட்டார்கள். கழுத்தில் பள்ளி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும்போது நாலு பேர் "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும் என்று ஒரு ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கடவுளிடம் தவிர.

ஆரம்பத்தில் கவலைப்பட ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பில் பதினோரு குழந்தைகள். சுவரில் தொட்டால் வேலை செய்கிற பெரிய வெள்ளைத் திரை. ஒரு மர அடுக்கில் சார்ஜ் ஏறுகிற டேப்லெட்டுகள். சின்னவள் மூன்றாம் நாளே அந்த வெள்ளைத் திரையில் அழியாத மையில் ஒரு பூனை வரைந்துவிட்டாள். வகுப்பு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"வெள்ளையா இருந்துச்சு டீச்சர், எழுதுற பலகைன்னு நெனச்சேன்."

"பூனைக்கு வால் வேற போட்டிருக்க!"

"அது இல்லாம பூனைன்னு தெரியாதே டீச்சர்."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு மணி நேரம் துடைத்தாள் சின்னவள். அன்று சாயங்காலம் பெரியவள் வீட்டில் அதை நடித்தே காட்டினாள். மாமியார், மைத்துனர் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து, 'வெள்ளைத் திரையில் பேனா கூடாது. விரல் போதும்' என்று எழுதி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தத் தப்பு செய்தாலும் அந்த நோட்டில் ஏறிவிடும். அதற்கு அவளே 'தப்பு நோட்டு' என்று பெயர் வைத்திருந்தாள்.

பெரியவளிடம் நோட்டு இல்லை, தப்பும் இல்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள். ஒரு தடவை டேப்லெட்டில் படம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. எப்படி நிமிர்த்துவது என்று தெரியவில்லை. கேட்டால் 'கம்ப்யூட்டர் படிச்ச அம்மாவுக்கே தெரியலையா' என்று வந்துவிடுமே! டேப்லெட்டையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடம் முழுக்க நின்றாள். கை வலி இரண்டு நாள் இருந்தது.

சின்னவளுக்கு அந்த வெட்கமே கிடையாது. டீச்சரைக் கேட்பாள், பக்கத்து வகுப்பு ஆளைக் கேட்பாள், யாரும் இல்லாவிட்டால் ஒன்பது வயதுக் குழந்தையைக் கேட்பாள். "தங்கம், இதுல சத்தம் எங்கடா ஒளிஞ்சிருக்கு?" என்பாள். அந்தக் குழந்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி, "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கும். "தெரியாதே, நீ சொல்லித்தான் தெரியும்" என்பாள். மூன்றாவது மாதத்தில் திரை வேலை செய்யாவிட்டால் டீச்சரே, "சின்னவளக் கூப்பிடுங்க" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு அடிவயிற்றில் யாரோ நெருப்புக்குச்சியைக் கிழிப்பதுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சிட்டு விஷயம் வந்தது.

சிட்டு ஏழு வயதுப் பெண். டீச்சர் வைத்த செல்லப் பெயர் அது. எல்லாம் புரியும், வாய் மட்டும் பேசாது. அவளுக்கென்று ஒரு டேப்லெட் வந்தது. அதில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் 'தண்ணி வேணும்' என்று அதுவே பேசும். பேசும் பலகை என்று எல்லாரும் அதைச் சொல்வார்கள். ஆனால் அதிலிருந்த இயந்திரக் குரல், வாயில் கூழாங்கல் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. சிட்டு காதைப் பொத்திக்கொண்டாள். "நம்ம ஆளுங்க குரலையே பதிவு பண்ணலாம். ரெண்டு பேரும் இருபது வார்த்தை பேசிக் கொடுங்க. அவளே தேர்ந்தெடுக்கட்டும்" என்றார் டீச்சர்.

பெரியவள் மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். செய்தி வாசிக்கிறவர்களைப்போல் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. சின்னவள் டீ குடிக்கிற நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டாள். 'போதும்' என்று சொல்லும்போது யாரோ கதவைத் திறந்து அவள் முதுகில் இடித்துவிட, வார்த்தையின் வாலில் அவள் சிரிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது.

சிட்டு இரண்டையும் கேட்டாள். பெரியவள் குரலைக் கேட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். சின்னவளின் 'போதும்' வந்ததும் அவள் கண் விரிந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி. பதினைந்து இருபது தடவை 'போதும்' என்ற சொல்லும் சிரிப்பும் வகுப்பு முழுக்கக் கேட்டன. "போதும்னு சொல்லிட்டே போதாம கேக்குறா பாரு!" என்று டீச்சர் கைதட்டினார்.

அதன்பிறகு டீச்சர் அந்தப் பலகையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினார். பெரியவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. காதுக்குள் அந்தச் சிரிப்புதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு நாள் முழுக்க அந்தக் குரல்தான். சிட்டுவுக்குப் பசித்தாலும் சின்னவள் குரல், வலித்தாலும் சின்னவள் குரல். சின்னவள் விடுப்பில் இருந்தாலும் அவள் குரல் வகுப்பில் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கீழே சமையலறையிலிருந்தும் அதே குரல் மாடிப்படி ஏறி வரும். 'ஆண்டவா, எனக்கு எதுக்கு ரெண்டு காது குடுத்த?' என்று பெரியவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஐந்தாவது மாதக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அந்த ஒரு இடத்தை யாருக்கென்று முடிவு செய்வார்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் சின்னவளின் மகளுக்குக் காய்ச்சல். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். குழந்தைகள் விளையாடப் போயிருந்த நேரத்தில் பெரியவள் மட்டும் வகுப்பில் இருந்தாள். பேசும் பலகை மேசையில் கிடந்தது.

எடுத்துப் பார்த்தாள். பார்க்கவே சகிக்கவில்லை. தண்ணீர் மேல் வரிசையில் வலது ஓரத்தில். வலி கீழ் வரிசையில் இடது ஓரத்தில். பந்துக்குப் பக்கத்தில் அப்பா, அப்பாவுக்குப் பக்கத்தில் செருப்பு. புது வார்த்தை வரும்போதெல்லாம் சின்னவள் காலியாக இருந்த கட்டத்தில் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். 'இதைத்தான் எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றாங்களா? வீட்டு அலமாரியைத்தான் அடைச்சு வப்பா, பள்ளிக்கூடத்திலுமா?' என்று பெரியவள் நினைத்தாள்.

உட்கார்ந்து அடுக்கினாள். சாப்பாட்டுச் சாமான் ஒரு வரிசை, மனுஷர்கள் ஒரு வரிசை, விளையாட்டு ஒரு வரிசை, உடம்பு ஒரு வரிசை. நாற்பத்துமூன்று படமும் கடை அலமாரிபோல் ஒழுங்காக நின்றன. மனசு குளிர்ந்தது. நாளைக்கு வருகிறவர் 'இவ்வளவு அழகா யார் பண்ணது?' என்று கேட்பதும், டீச்சர் தன்னைக் காட்டுவதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. இத்தோடு விட்டிருக்கலாம். 'போதும்' என்ற படம் கண்ணில் பட்டது. தொட்டாள். பலகையிலிருந்து சின்னவளின் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர் வருகிற இடத்தில் இதென்ன இளிப்பு என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அதை அழித்தாள். அந்த இடத்தில் தன் குரலில் சுத்தமாக, "போதும்" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்து பின் வரிசையில் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவளும் வந்துவிட்டாள். சிட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தாகம் எடுத்திருக்க வேண்டும். தூரிகையை வைக்காமலே இடது கையால் பலகையின் வலது மேல் ஓரத்தைத் தொட்டாள். பலகையைப் பார்க்கக்கூட இல்லை.

"பந்து" என்றது பலகை.

சிட்டு மறுபடி தொட்டாள். "பந்து." இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் திடீரென்று யாரென்றே தெரியாததுபோல் நின்றால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள். வேறொரு இடத்தைத் தொட்டாள். "செருப்பு." இன்னொன்று. "அப்பா." உதடு துடிக்க ஆரம்பித்தது. படங்களைத் தேடித் தேடி, விரித்த கை போட்ட 'போதும்' படத்தைக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

"போதும்" என்றது செய்தி வாசிக்கிற குரல்.

சிட்டு சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். பலகை மேசையில் சரிந்தது. காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது எந்த வார்த்தையும் இல்லை.

ஓடிப்போய்ப் பலகையை எடுத்த சின்னவள் ஒரே பார்வை பார்த்தாள். 'போதும்' படத்தைத் தொட்டுக் கேட்டாள். நிமிர்ந்தாள். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிறவள் கேட்பதுபோல் சின்னவள் கேட்டாள்:

"அக்கா, தண்ணிய எங்க வச்சீங்க?"

எல்லார் முகமும் பெரியவள் பக்கம் திரும்பியது. குழி தோண்டி உள்ளே போகலாம்போல் இருந்தது அவளுக்கு.

"ரெண்டாவது... ரெண்டாவது வரிசையில, மொதல்ல."

"யாரு மாத்துனது?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"நான்தாங்க சார். ஒழுங்கா இருக்கட்டுமேன்னு..."

"அன்னிக்கு அவ்வளவு நேரம் சொன்னேனேம்மா," என்றார் டீச்சர். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "அவ படத்தப் பாத்து அழுத்தல. விரலுக்கு வழி தெரியும். உங்க வீட்டுல கரண்டு போனா, சுவிட்சத் தேடியா போறீங்க? கை தானா போகுதுல்ல? ஒருத்தர் வந்து அத்தனை சுவிட்சையும் இடம் மாத்தி வச்சிட்டா எப்படி இருக்கும்? அவளோட வாய் இது. வாயை இடம் மாத்திட்டீங்க."

சின்னவள் இதற்குள் மேசைக்கு அடியில் போய்ச் சிட்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, என் பையில தப்பு நோட்டு இருக்கு. கடைசிப் பக்கத்த எடுங்க." எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நாற்பத்துமூன்று வார்த்தையும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. மேலே, 'மிஷின் கெட்டுப் போனால்' என்று ஒரு வரி.

"இங்க வாங்க. நீங்க படிங்க, நான் மாத்துறேன்."

பெரியவள் மேசைக்கு அடியில் குனிந்து போனாள். மேற்பார்வையாளரின் பளபளப்பான செருப்பு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அவள் படிக்கப் படிக்கச் சின்னவள் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். சிட்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தண்ணீர் தன் ஓரத்துக்கு வந்ததும் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான். டீச்சர் நீட்டிய டம்ளரில் நான்கு வாய் குடித்தாள்.

'போதும்' மட்டும் மிச்சம் இருந்தது. பழைய குரல் அழிந்துவிட்டது. சின்னவள் மறுபடி பதிவு செய்தாள். சிரிப்பு வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. வரவழைத்த சிரிப்பைச் சிட்டு கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாம் முறை சின்னவள் "போதும்" என்று சொல்ல, கால் மரத்துப்போன பெரியவள் நகரப் பார்த்து மேசையில் தலையை மடேரென்று இடித்துக்கொண்டு, "ஐயோ!" என்றாள். சின்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்படியே பதிந்துவிட்டது. சிட்டு அதைத் தொட்டாள். 'போதும், ஐயோ, ஹிஹி.' மறுபடி தொட்டாள். பெரியவளின் குரலில் அந்தப் பலகையில் நிலைத்தது அந்த ஒரே 'ஐயோ'தான்.

நிரந்தர வேலை சின்னவளுக்குக் கிடைத்தது. பெரியவளுக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சி என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் மாமியார் அதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். "எங்க சின்னவ இப்ப டீச்சர் மாதிரி" என்ற வார்த்தை மாடி ஜன்னல்வரை வந்தது. தன் காதுக்கென்று ஆசையாய் எடுத்து வைத்திருந்த வார்த்தை அது.

பெரியவள் கெட்டவள் இல்லை. ஆனாலும் பொறாமை என்பது தண்ணீர் ஊற்றினாலும் அணையாத நெருப்பு. சின்னவள் புதுச் செருப்பு வாங்கினால் எரிந்தது. பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வந்தால், 'அடக்கமா இருக்கிறதா காட்டிக்கிறா' என்று அதற்கும் எரிந்தது. பிரார்த்தனையில்கூட அவளுக்கு நேர்மை வந்துவிட்டது. "கடவுளே, அவளுக்கு நல்லது செய். வேண்டாம்னு சொல்லல. ஆனா என் கண்ணு முன்னாடி செய்யாத" என்று வேண்டிக்கொண்டாள். கடவுள் பாதியைத்தான் கேட்டார். நல்லது எல்லாம் கண் முன்னாலேயே நடந்தது.

ஒரே ஒரு மாற்றம் வந்தது. இரண்டாவது பயிற்சியின்போது ஒரு நாள் டேப்லெட்டில் படம் மறுபடி தலைகீழானது. பெரியவள் ஐந்து நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சின்னவள் இப்போது வேலை பார்க்கிற பக்கத்து வகுப்புக்குப் போய், கதவோரம் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் அவளிடம், "இது எப்படிடி நிமிரும்?" என்று கேட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை. விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். "எனக்கும் இது ரெண்டு மாசம் தெரியாதுக்கா" என்றாள். அது பொய்யா நிஜமா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பொய்யாக இருந்தால் அதற்கும் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் இன்னொன்று கேட்டாள். பிறகு கேட்பது பழகிவிட்டது. மற்றது பழகவில்லை. அது அப்படியே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துச் சின்னவள் கணவருக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. சின்னவள் வேலையை விடுவதாகப் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். காலியான இடத்தை, அதுவரை பயிற்சியிலேயே தொடர்ந்த பெரியவளுக்கே கொடுத்தார்கள். ஆசைப்பட்ட அட்டை கழுத்துக்கு வந்தது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்றபோது, ஜெயித்து வாங்கியதா, அடுத்தவள் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்ததா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் பெரியவளும் போனாள். சாமானெல்லாம் முன்பே போய்விட்டது. சின்னவளின் மகள் ஜன்னல் சீட்டுக்கு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அதன்பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்பது அன்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னிக்குப் பலகைய நான் ஒழுங்கு பண்ணணும்னு மட்டும் மாத்தல. உன் சிரிப்ப அழிச்சேனே, அது தெரிஞ்சே பண்ணதுதான். உன்னப் பாத்தா எனக்குத் தாங்காது. இன்னிக்கும் தாங்கல. கடவுள் மன்னிப்பாரு, நீயும்..."

"தெரியும்க்கா," என்று சின்னவள் குறுக்கே புகுந்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே பேசினாள். "உங்களுக்கு என்மேல ரெண்டு வருஷமாத்தான். எனக்கு உங்கமேல பதிமூணு வருஷமா இருக்கு. கல்யாணமாகி வந்த அன்னிக்கு, மாடியில சுவத்துல உங்க சர்டிபிகேட்டு மாட்டியிருந்துச்சு பாருங்க, அன்னிக்குப் பிடிச்சது. நீங்க இந்த வேலைக்கு எழுதிப் போட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க. சோறு எறங்கல எனக்கு. நாலு நாள் பொறுத்துப் பாத்தேன், முடியல. நானும் போட்டேன். கொழந்தைங்க மேல ஆசப்பட்டு வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னது பொய்க்கா. உங்கள முன்ன விட்டுடக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆசையெல்லாம் அப்புறமாத்தான் வந்துச்சு. சரி, வண்டிய எடுக்குறான், தள்ளி நில்லுங்க."